மல்லர் வாய்மொழி

புறநானூற்றைப் புரட்டும் மாணவர்கள் 80-ஆம் பாட்டு முதல் 85-ஆம் பாட்டு வரை ஒரே வீரனைப் பற்றி அமைந்திருப்பதைக் காணலாம். சோழர் குடியிற் பிறந்த போர்வைக் கோப்பெருநற்கிள்ளி, ஆமூர் மல்லனோடு பொருது வென்றான் என்பது செய்தி. அதற்கு இரண்டு சாட்சிகள் உண்டு. ஒருவர் சாத்தந்தையார்; மற்றவர் நக்கண்ணையார்.

சாத்தந்தையார் தம் பாட்டு ஒன்றிலே, கிள்ளியின் ஒரு கால் எதிரியின் மார்பை அழுத்தி நின்றதையும், மற்றொரு கால் அவன் செய்த தந்திரத்தைத் தடுத்து முதுகுப்புறம் வளைந்ததையும் கூறுகிறார். இன்னொரு பாட்டிலே பிடிகளைப் பற்றிய பேச்சே இல்லை. ஊரில் திருவிழா, வீட்டில் மனைவிக்குப் பேறுகாலம், மழை பெய்கிறது, பொழுதும் சாய்கிறது. இத்தனை அவசரத்துக்கிடையே கட்டில் பின்னுகிறவன் கையிலுள்ள ஊசியைப் போல் அந்தப் போர் விரைந்து முடிந்தது என்கிறார். உவமை மிக அழகியது. ஆயினும், நடந்தது என்ன என்று அறிய விரும்புவோர்க்கு முதற்பாட்டே பயன்படும். புலவரும் ஒருவரே, போரும் ஒன்றே. ஓரிடத்தில் கண் பேசுகிறது, மற்றோரிடத்தில் கலை பேசுகிறது.

நக்கண்ணையாரின் சாட்சியம் வேறு வகை. ஊரும் நாடும் கிள்ளிக்கு உரியன அல்ல. ஆகவே கூட்டம் இரு கட்சியாகப் பிரிந்து, வெற்றி அவனுடையதென்று ஒரு சாராரும், அன்றென்று மற்றொரு சாராரும் வாதிட்டனர். அந்த வாதத்தைக் கேட்டுக்கொண்டு நில்லாமல், காற்சிலம்பு ஒலிக்க ஓடிச் சென்று, பனைமரம் ஒன்றைச் சார்ந்து நின்று, தாமே கண்டதாக அவர் கூறுகிறார். நேரிற் கண்ட சாட்சி, மிக நன்று. ஆனால் முந்திய பாடல்களிலே அவர் அவ்வீரன்பால் கொண்ட காதலையும் மறைக்கவில்லை. எதிர்க்கட்சி வழக்கறிஞர் இதனை எளிதில் விட்டுவிடுவாரா?

இந்தப் பழைய வழக்கை இன்று நினைவூட்டுவதற்குக் காரணம் உண்டு. பெரம்பலூரிலிருந்து திருச்சிக்குப் பேருந்தில் செல்லும் மாணவர்களுள் பலர் காதிலே சிறு கருவியைப் பொருத்திக்கொண்டு எதையேனும் கேட்டவண்ணம் செல்கின்றனர். அவர்களுள் ஒருவர், ஓய்வுபெற்ற அமெரிக்க மல்லர்களின் நேர்காணல்களை விடாமற் கேட்பவர். 'பாட்காஸ்ட்' என்னும் வலையொலியிலே அம்மல்லர்கள் மணிக்கணக்காகத் தம் பழங்கதைகளைச் சொல்கிறார்கள்: எந்தப் போட்டியில் யார் யாரை ஏமாற்றினார், எந்த முதலாளி கூலியைக் குறைத்தார், எந்த விடுதியில் என்ன சண்டை நடந்தது என்றெல்லாம். "ஐயா, இவற்றுள் எவ்வளவை நம்பலாம்?" என்று அவர் என்னைக் கேட்டார். அப்பொழுது நான் சொன்ன விடை சிறியது. இன்று சற்று விரிவாகச் சொல்ல வாய்ப்புக் கிடைத்திருக்கிறது.

முதலில் ஒரு வேறுபாட்டைக் கருத வேண்டும். 1952-ஆம் ஆண்டு ஹெல்சிங்கி ஒலிம்பிக் பந்தயத்தில் மராட்டியத்தைச் சேர்ந்த காஷாபா ஜாதவ் வெண்கலப் பதக்கம் பெற்றார். அது விதிகளுக்குட்பட்ட, முடிவு யாருக்கும் முன்னே தெரியாத மற்போர். தொலைக்காட்சியில் நாம் காணும் தொழில்முறை மற்போரோ வேறு. அதில் வெற்றி தோல்வி முன்கூட்டியே வகுக்கப்படும். உடல் வலிமையும் பயிற்சியும் மெய், விழுவதும் மெய், வெற்றி மட்டும் ஏற்பாடு. இந்த ஏற்பாட்டை வெளியார்க்குச் சொல்லாதிருப்பது நெடுங்காலம் அத்தொழிலின் எழுதாச் சட்டமாக இருந்தது.

நன்னூல் கற்ற மாணவர்களுக்குக் குழூஉக்குறி என்பது தெரியும். பொற்கொல்லர் பொன்னைப் பறி என்பர். யானைப்பாகர் ஆடையைக் காரை என்பர். அவ்வாறே அமெரிக்க மல்லர்களும் இந்தத் தொழில் மறைவைக் 'கேஃபேப்' என்று வழங்கினர். ஏற்பாடு செய்யப்பட்டது 'வொர்க்'. மெய்யாக நிகழ்வது 'ஷூட்'. மறைவின்றி மெய் பேசுவதாகச் சொல்லப்படும் நேர்காணலுக்கு அதனால் 'ஷூட்' நேர்காணல் என்றே பெயர் வந்தது. பெயர் அப்படி இருக்கிறது என்பதற்காகப் பொருளும் அப்படியே இருக்கும் என்று நம்புவதற்கில்லை. மெய் போலத் தோன்றும்படி ஏற்பாடு செய்வதும் அத்தொழிலில் ஒரு தனிக் கலை.

இந்த மறைவு உடைந்த இடங்கள் சில உண்டு. நெப்ராஸ்காவைச் சேர்ந்த வேய்ன் மன் என்னும் கால்பந்து வீரர் ஒருவர் 1925-ஆம் ஆண்டு சனவரியில் உலக வீரர் பட்டம் 'பெற்றார்'. மற்போரில் அவருக்குத் தேர்ச்சி மிகக் குறைவு. கூட்டம் சேர்க்கும் தோற்றம் இருந்தது, அவ்வளவே. ஏப்ரல் 15-ஆம் நாள் பிலடெல்பியாவில் போலந்து நாட்டு மல்லரான ஸ்பிஸ்கோ அவரிடம் தோற்க வேண்டும் என்பது ஏற்பாடு. மேடையேறிய ஸ்பிஸ்கோ ஏற்பாட்டை மறந்தார். மன்னை மீண்டும் மீண்டும் மண்ணில் கிடத்திப் பட்டத்தைப் பறித்தார். வாக்குத் தவறியதனாலே உண்மை வெளிப்பட்ட விந்தை இது.

மற்றொன்று 1989-இல் நிகழ்ந்தது. இன்று டபிள்யூ.டபிள்யூ.இ. என வழங்கும் நிறுவனத்தின் சார்பாளர்கள் நியூ ஜெர்சி மாநில மேலவையிலே, தங்கள் மற்போர் விளையாட்டுப் போட்டியன்று, பொழுதுபோக்குக் காட்சியே என்று தாமாகவே சொன்னார்கள். உண்மைமீது திடீரெனப் பற்றுப் பிறந்துவிட்டதோ என வியக்க வேண்டா. விளையாட்டுப் போட்டி எனில் அரசுக் குழுவின் கட்டுப்பாடும் வரியும் உண்டு. காட்சி எனில் அவை இல்லை. பொய்க்குத்தான் ஆதாயம் உண்டென்று நாம் எண்ணுகிறோம். உண்மையை ஒப்புக்கொள்வதற்கும் ஆதாயம் இருக்கலாம் என்பதை இந்நிகழ்ச்சி காட்டுகிறது. ஆதாயம் இருந்ததனால் அந்த உண்மை பொய்யாகிவிடவும் இல்லை.

ஆகவே, பேசுகிறவருக்கு என்ன லாபம் என்ற கேள்வி மட்டும் போதாது. வலையொலியிலே பேசும் பழைய மல்லருக்கு லாபம் தெளிவாகவே இருக்கிறது. கேட்போர் மிகுந்தால் விளம்பரம் மிகும். கதை சுவையாக இருந்தால் கேட்போர் மிகுவர். முப்பது ஆண்டுகள் கூட்டத்தின் ஆரவாரத்தை அளந்து வாழ்ந்தவர், எந்த இடத்தில் நிறுத்தினால் சிரிப்பு எழும் என்பதை நன்கறிவார். அவர் பொய் சொல்ல வேண்டும் என்று திட்டமிட வேண்டியதே இல்லை. பத்து முறை சொன்ன கதை பதினோராம் முறை தானே சற்று வளர்ந்துகொள்ளும்.

இத்தகைய வளர்ச்சியை நான் நம் ஊர்ப்பக்கத்திலேயே கண்டிருக்கிறேன். செட்டிகுளம் பகுதியைச் சேர்ந்த வெங்காய வியாபாரி ஒருவர், தம் இளமையில் சென்னைக் கொத்தவால் சாவடிக்கு மூட்டைகளோடு சென்றபோது தாராசிங்கும் கிங்காங்கும் மோதிய குஸ்தியைக் கண்டவர். நான் சிறுவனாக இருந்த காலத்தில் அந்தக் கதையை அவர் வாயிலாகப் பலமுறை கேட்டிருக்கிறேன். கிங்காங் காலையில் உண்ட கோழிகளின் எண்ணிக்கை ஆண்டுக்காண்டு ஏறியது. தாராசிங் அவரைத் தலைக்கு மேல் தூக்கிச் சுழற்றிய சுற்றுகளும் அவ்வாறே ஏறின. ஆனால் அதே கதையில் ஒருநாளும் மாறாத பகுதிகளும் இருந்தன. அவர் பின்வரிசையிலே நின்றார். முன்னால் நின்ற ஒருவரின் தலைப்பாகை பாதி மேடையை மறைத்தது. கூட்டம் கலைந்து எழும்பூர் வந்து சேர்வதற்குள் அரியலூர் வழியாகச் செல்லும் ரயில் போய்விட்டது. மூட்டைச் சாக்கை விரித்து நிலையத்திலேயே படுத்துறங்கினார். இவற்றைச் சொல்வதால் அவருக்குப் பெருமை ஒன்றும் இல்லை. பாதி மேடை தெரியவில்லை என்பது அவருடைய கதைக்கே கேடு. அதனாலேதான் நான் அதனை நம்புகிறேன். சாட்சி எதைச் சொல்ல வந்தாரோ அதைவிட, வழியில் தற்செயலாகச் சிந்திச் சென்றவையே பல வேளைகளில் உறுதியானவை.

கிங்காங் என்று பெயர் பூண்ட எமில் சாயா ஹங்கேரி நாட்டினர். 1970-இல் சிங்கப்பூரில் காலமானார். தாராசிங் பஞ்சாபில் 1928-இல் பிறந்து 2012-இல் மறைந்தார். பிற்காலத் தலைமுறை அவரைத் தொலைக்காட்சி இராமாயணத்தின் அனுமனாகவே அறியும். ஐந்நூறு போட்டிகளில் ஒன்றிலேனும் தோற்காதவர் என்பது அவரைப் பற்றிப் பரவலாகச் சொல்லப்படும் செய்தி. முடிவு முன்னரே வகுக்கப்படும் தொழிலில், தோல்வியின்மை என்பது தோள்வலியைக் காட்டிலும் கூட்டத்தின் அன்பையே மிகுதியாக அளக்கும். அதனால் தாராசிங் போலி என்று துணிந்துவிடலாமா? கூடாது. 1968-ஆம் ஆண்டு மே மாதம் பம்பாயில் அவரிடம் தோற்ற லூ தெஸ் என்னும் அமெரிக்கர், மெய்யான பிடிகளை நன்கறிந்த பழந்தேர்ச்சியாளர். பின்னாளில் எழுதிய நூலிலே தாராசிங்கை உண்மையான மல்லர் என்று பாராட்டினார். தோற்றவர் தம் தோல்வியை அழகுபடுத்திக்கொள்ள அவ்வாறு எழுதினாரோ என்று கேட்பவர் கேட்கலாம். எனினும் அத்துறையின் நுணுக்கம் அறிந்தவர் ஒருவர் தந்த மதிப்பீடு என்ற அளவில் அதற்குத் தனி எடை உண்டு.

காமா பயில்வான் கதை இன்னும் சுவையானது. 1910-ஆம் ஆண்டு செப்டம்பர் 10-ஆம் நாள் இலண்டனில் அவர் ஸ்பிஸ்கோவைச் சந்தித்தார். ஆம், பதினைந்து ஆண்டுகளுக்குப் பின் பிலடெல்பியாவில் ஏற்பாட்டை முறித்த அதே ஸ்பிஸ்கோதான். கனத்த உடலினரான ஸ்பிஸ்கோ தரையோடு தரையாகக் கவிழ்ந்து படுத்துக்கொண்டு இரண்டரை மணிநேரத்திற்கு மேல் அசையாதிருந்தார். காமாவால் அவரைப் புரட்ட முடியவில்லை. போட்டி முடிவின்றி நின்றது. ஒரு வாரம் கழித்து நடக்கவிருந்த மறுபோட்டிக்கு ஸ்பிஸ்கோ வரவேயில்லை. இப்போட்டி மெய்யா, ஏற்பாடா என்று ஐயுறுவோர்க்கு நான் சொல்லும் விடை ஒன்றே. பணம் கொடுத்து வந்த கூட்டத்திற்கு முன், ஒருவர் முதுகின்மேல் மற்றொருவர் இரண்டரை மணிநேரம் சாய்ந்து கிடக்கும் காட்சியை எந்த முதலாளி ஏற்பாடு செய்வார்? அதன் சலிப்பே அதன் மெய்ம்மைக்குச் சான்று. 1928-இல் பட்டியாலாவில் இருவரும் மீண்டும் மோதியபோது காமா வென்றார். எத்தனை நொடியில் என்பதில் நூல்கள் வேறுபடுகின்றன; ஒரு நிமிடத்திற்குள் என்பதில் ஒன்றுபடுகின்றன. வேறுபடும் பகுதியைத் தள்ளி, ஒன்றுபடும் பகுதியைக் கொண்டால் நமக்கு இழப்பில்லை.

இதே காமா 1902-இல் பரோடாவில் 1,200 கிலோ எடையுள்ள கல்லை மார்பளவு தூக்கி நடந்தார் என்றும் சொல்கிறார்கள். கல் இன்றும் பரோடா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஆனால், 2016-இல் இங்கிலாந்தின் எட்டி ஹால் 500 கிலோ எடையைத் தரையிலிருந்து எடுத்து நிமிர்ந்து நின்றதே உலகம் வியந்த செயலாயிற்று. அதற்கே அவர் மூக்கில் குருதி வழிய மயங்கிச் சரிந்தார். கல் இருக்கிறது என்பது தூக்கினார் என்பதற்குச் சான்றாகாது.

கல்லும் கதையும் கலந்துவிடும் விந்தையைப் பெரம்பலூர்க்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. 2020-ஆம் ஆண்டு குன்னத்தில் ஏரி மண்ணிலிருந்து உருண்டை உருண்டையான பெருங்கற்கள் வெளிப்பட்டபோது, டைனோசர் முட்டைகள் என்ற செய்தி ஒரே நாளில் நாடெங்கும் பரவிற்று. ஆராய்ந்தவர்கள், அவை முட்டைகள் அல்ல, அம்மோனைட் என்னும் சுருள் ஓட்டுக் கடலுயிரின் எச்சங்களைச் சூழ்ந்து இறுகிய படிவங்கள் என்றனர். மக்கள் அதை நம்பியது பேதைமையாலா? அவ்வாறு நான் எண்ணவில்லை. 2009-இல் அரியலூரை அடுத்த செந்துறைப் பக்கத்தில் டைனோசர் முட்டைகள் கிடைத்ததாக ஆராய்ச்சியாளர்களே அறிவித்திருந்தனர். முன்பு ஒன்று மெய்யாக நடந்திருந்ததால்தான் பின்பு வந்த கதைக்கு இடம் கிடைத்தது. மல்லர் கதைகளும் இப்படியே. முதலாளிகள் ஏமாற்றியதுண்டு, ஏற்பாடு முறிந்ததுண்டு, மேடையில் மெய்யான சண்டை மூண்டதுண்டு. ஆகையால் அவற்றைப் போன்ற பத்துக் கதைகளை யார் சொன்னாலும் நம் மனம் வாயிலைத் திறந்துவிடுகிறது.

நேர்காணல் நடத்துவோருள் சிலர் இதற்கு ஒரு நல்ல வழியைக் கைக்கொள்கின்றனர். புரூஸ் பிரிச்சர்ட் என்னும் பழைய நிருவாகியை வைத்து 2016-இல் தொடங்கிய ஒரு தொடரிலே, கேள்வி கேட்பவர் அக்காலத்து மற்போர்ச் செய்திமடலைக் கையில் வைத்துக்கொண்டு, "அன்று இப்படி எழுதப்பட்டிருக்கிறதே" என்று வினவுவார். நினைவுக்கு எதிரே நாளிட்ட எழுத்தை நிறுத்தும் இம்முறை வரலாற்று மாணவர்க்கு உகந்ததே. ஆனால் அங்கும் விழிப்பு வேண்டும். அந்தச் செய்திமடலுக்குச் செய்தி தந்தவர்கள் யார்? பெரும்பாலும் மல்லர்களும் நிருவாகிகளுமே அல்லரோ! ஒருவரே அன்று தொலைபேசியில் சொன்னதும் இன்று ஒலிவாங்கியில் சொல்வதும் ஒத்திருந்தால், இரண்டு சாட்சிகள் கிடைத்துவிட்டதாக மகிழ்வதற்கில்லை.

இதுவரை சொன்னதைக் கேட்டுவிட்டு, "அப்படியானால் எல்லாம் வெறும் கதை; சிரித்துவிட்டுப் போகலாம்" என்று யாரேனும் கருதக்கூடும். அங்கேதான் எனக்கு அச்சம். 2014-ஆம் ஆண்டு நவம்பரில் சி.எம். பங்க் என்னும் மல்லர் தம் நண்பர் கோல்ட் கபானாவின் வலையொலியில் பேசினார். தம் முதுகிலிருந்த கட்டியை நிறுவன மருத்துவர் சரிவரக் கவனிக்கவில்லை, அது தம் உயிருக்கே கேடாக இருந்திருக்கும் என்பது அவர் கூற்று. 2015-இல் மருத்துவர் இருவர்மீதும் அவதூறு வழக்குத் தொடுத்தார். ஒரு தொழிலாளியின் உடல் ஒருபுறம். ஒரு மருத்துவரின் நற்பெயர் மறுபுறம். பொழுதுபோக்காகக் கேட்ட பேச்சு சிகாகோவில் பன்னிருவர் முன்னே சொல் சொல்லாக ஆராயப்பட்டது. 2018-ஆம் ஆண்டு சூன் 5-ஆம் நாள் நடுவர் குழு மல்லர்களின் பக்கம் தீர்ப்பளித்தது. பங்க் சொன்ன ஒவ்வொன்றும் நடந்ததே என்பது அத்தீர்ப்பின் பொருளன்று; அவதூறு மெய்ப்பிக்கப்படவில்லை என்பதே பொருள். மருத்துவர் தவறிழைத்தார் என்று கொள்வதும் அதற்கேற்பப் பிழையாகும். வழக்குச் செலவை யார் ஏற்பது என்பதில் நண்பர்கள் இருவரும் பின்னர்த் தம்முள்ளேயே வழக்காடிக்கொண்டது வேறு கதை.

மல்லர் சொல்வதெல்லாம் பொய் என்று ஒரேயடியாகத் தள்ளுவோமானால், தலையில் வலிக்கிறது என்று அவர் சொல்லும்போதும் அதை நடிப்பென்றே கொள்வோம். பல ஆண்டுகள் அப்படித்தான் கொண்டார்கள். மூளைக் காயங்களுக்காக ஐம்பதுக்கும் மேற்பட்ட முன்னாள் மல்லர்கள் 2016-இல் தொடுத்த வழக்கு, காலக்கெடு கடந்தது முதலிய காரணங்களால் 2018-இல் தள்ளப்பட்டது. அந்த வலிகளின் கணக்கு எந்த மேடையிலும் முழுமையாகப் படிக்கப்படவில்லை.

அவர்களைப் போலவே மேடையில் அடிபட்ட ஒருவர் கிறிஸ் நொவின்ஸ்கி. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று மற்போர்த் தொழிலுக்கு வந்தவர். 2003-இல் மேடையில் தலையில் விழுந்த உதையினால் அவருடைய தலைவலி நீங்கவில்லை. பாஸ்டனில் ராபர்ட் கான்ட்டு என்னும் நரம்பியல் அறுவை மருத்துவரிடம் சென்றார். இதற்கு முன் எத்தனை முறை மூளை அதிர்ச்சி நேர்ந்தது என்று மருத்துவர் கேட்டார். நொவின்ஸ்கிக்கு அப்படி ஒன்றும் நினைவில்லை. மருத்துவர் விடவில்லை. அடிபட்டவுடன் கண் இருண்டதுண்டா, சற்று நேரம் நினைவு தவறியதுண்டா, காதில் இரைச்சல் எழுந்ததுண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்கக் கேட்க, கால்பந்துக் களத்திலும் மற்போர் மேடையிலுமாகப் பல நிகழ்ச்சிகள் அவருக்கு நினைவு வந்தன. முதலில் சொன்னது பொய்யன்று. அந்தப் பெயரால் அழைக்க அவர் அறிந்திருக்கவில்லை, அவ்வளவே. வலையொலியில் கேள்வி கேட்போர் இந்த மருத்துவரைப் போலக் கேட்பது அரிது, "பிறகு என்ன ஆயிற்று?" என்பதோடு அவர்கள் நின்றுவிடுகின்றனர்.

நொவின்ஸ்கி 2007-இல் கான்ட்டுவோடு சேர்ந்து தலைக்காய ஆராய்ச்சிக்காக ஒரு நிறுவனத்தைத் தொடங்கினார். தம் மறைவுக்குப் பின் மூளையை ஆராய்ச்சிக்கு அளிப்பதாக விளையாட்டு வீரர் பலர் அதற்கு எழுதிக் கொடுத்திருக்கின்றனர். மல்லர்களும் அதில் உண்டு. நொவின்ஸ்கியும் அவர்களுள் ஒருவர்.